ஓடுபாதையோரம்: பறக்கும் போதகர்கள் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஆஸ்திரேலியாவின் வடக்கே சிறு விமானத்தில் போய் ஊழியம் செய்யும் போதகர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. புதிய வாசகர்களுக்காக: டார்வினில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி ஒரு போதகரின் செஸ்னா என்ற சிறு விமானம் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். இடம் காலியாக இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் அதை விரும்பமாட்டார்.

கல்லூரி மாணவி, நாசரேத்: பறக்கும் போதகர் என்ன செய்வார் ஐயா? ஊர் ஊராக இறங்கிப் பிரசங்கம் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவாரா?

அவர் பிரசங்கம் செய்து நான் அதிகம் கேட்டதில்லை, அம்மா. முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வேலை புரியும். நார்தர்ன் டெரிட்டரி என்ற வடக்கு ஆட்சிப்பகுதி 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. மக்கள் இரண்டரை லட்சம் அளவுதான், அதிலும் பாதிக்கு மேல் தலைநகரான டார்வின் பக்கம். மற்றவர்களில் பலர் பூர்வகுடிக் கிராமங்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் சிதறி இருக்கிறார்கள். பிரூனெட் டவுன்ஸ் என்ற ஒரு பண்ணை மட்டுமே 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பக்கத்துப் பண்ணைக்காரரைப் பார்க்க அரை நாள் வண்டி ஓட்டவேண்டிய இடங்கள் உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம்; ஆறு பெருகினால் அந்த வழியும் அடைபடும். கேத்தரினிலிருந்து கிழக்கே நூலன்பை வரை போகும் சாலை ஏறக்குறைய 700 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் சாலை. மழையில் அதை மூடிவிடுவார்கள்.

பண்ணையில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். மேலாளரின் குடும்பம், ஒரு சமையல்காரர், பிள்ளைகளுக்குப் பாடத்தில் துணை நிற்கும் இளம்பெண், மாடுகளை ஓட்டிச் சேர்க்கும் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள். அந்தப் பையன்களில் பலர் முதல்முறையாக வீட்டை விட்டு வந்தவர்கள். மனசு உடைந்தால் போய்ப் பேசுவதற்கு அங்கே மேலாளரைத் தவிர வேறு ஆள் இல்லை. உடைந்ததற்குக் காரணமே அந்த மேலாளராக இருந்தால் அதுவும் இல்லை.

எங்கள் போதகர் இறங்கியதும் முதல் வேலையாக விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டுவார். அப்புறம் நேராகச் சமையலறை. கொண்டுவந்த செய்தித்தாள், தபால், கீரை, தக்காளி எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் பம்ப் ஓடவில்லை என்றால் அதைப் பிரிப்பார். வேலி அறுந்திருந்தால் கையுறை மாட்டிக்கொண்டு கூடப் போவார். பேச்சு தானாக வரும், பெரும்பாலும் இரவில், வராந்தாவில். மூன்றாவது தேநீருக்கு முன்னால் யாரும் உண்மையான விஷயத்தைச் சொல்வதில்லை என்பார்.

விமானத்தின் பயனையே நான் அங்குதான் புரிந்துகொண்டேன். இரண்டு நாள் ரோட்டில் போக வேண்டியதை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்சமான நேரத்தை அவர் அடுத்த ஊருக்குப் போவதற்குச் செலவிடவில்லை. அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரக்கு ஏற்ற வருபவர், கணக்குப் பார்க்க வருபவர், மாட்டுக்கு ஊசி போட வருபவர் என்று அங்கே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் உண்டு, முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் இல்லாமல் வருபவர் இவர் ஒருவர்தான். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் நடத்துவார். ஆனால் அவரைத் தேடியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் பெயர் கொடுத்தவர்கள் இல்லை.

வாசகர், மதுரை: இதை முதலில் ஆரம்பித்தவர் யார்? ஜான் ஃபிளின் என்று படித்த ஞாபகம்.

ஃபிளின் விமானம் ஓட்டியவர் அல்ல, ஆனாலும் வழி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1880இல் பிறந்த பிரஸ்பிட்டேரியன் போதகர். 1912இல் ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷன் என்ற அமைப்பு அவர் தலைமையில் தொடங்கியது. அதன் போதகர்கள் முதலில் போனது ஒட்டகத்தில். 1917இல் கிளிஃபர்ட் பீல் என்ற இளைஞரிடமிருந்து ஃபிளினுக்கு ஒரு கடிதம் வந்தது. பீல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்துவிட்டுப் போர் விமானியாகப் புறப்பட்டவர். உள்நாட்டு மக்களுக்கு விமானத்தில் மருத்துவரை அனுப்ப முடியும் என்று தூரம், செலவு எல்லாம் போட்டு எழுதியிருந்தார். அடுத்த வருடமே போரில் இறந்துபோனார். 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து முதல் பறக்கும் மருத்துவர் புறப்பட்டார். குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்த விமானம் அது. மறுவருடம் ஆல்ஃபிரட் டிரேகர், சைக்கிள் போலக் காலால் மிதித்தால் மின்சாரம் தரும் ரேடியோவை உருவாக்கித் தந்தார். பண்ணைகள் பேச ஆரம்பித்தன. அதே ரேடியோ வழியில்தான் 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளியும் வந்தது.

போதகரே விமானம் ஓட்டிப் போனது என்று பார்த்தால், 1928இல் நியூ சவுத் வேல்ஸின் வில்கேனியாவில் இருந்த ஆங்கிலிக்கன் குரு லெனர்ட் டேனியல்ஸ் முன்னோடி. 1930களில் கீத் லாங்ஃபோர்டு ஸ்மித் என்ற மிஷனரி, டெரிட்டரியின் வடகிழக்கில் இருக்கும் பூர்வகுடி நிலமான ஆர்னம் லேண்டின் ரோப்பர் ஆற்று மிஷனிலிருந்து பறந்தார். 1945இல் இரட்சணிய சேனையின் விக் பீடர்சன் டெரிட்டரியில் பறக்கும் போதகர் பணியைத் தொடங்கினார். அந்தப் பெயரே அங்கு நிலைத்தது.

ஃபிளினைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. ஆனால் அவருடைய மிஷன் ஆரம்பத்தில் பெரும்பாலும் வெள்ளைக் குடியேறிகளையே மனதில் வைத்து நடந்தது. அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான பூர்வகுடிகளை அவர் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அது நியாயமான குற்றச்சாட்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆசிரியர், கோவில்பட்டி: பூர்வகுடிகளின் பண்பாட்டை அழித்ததில் மிஷன்களுக்கும் பங்கு உண்டல்லவா? நீங்கள் புகழ்ந்து எழுதுவது சரியா?

பங்கு உண்டு. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கலப்பு வம்சாவளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் மிஷன் இல்லங்களும் இருந்தன. குரோக்கர் தீவில் மெதடிஸ்டுகள் நடத்திய இல்லம் அப்படிப்பட்டதுதான். அந்தப் பிள்ளைகளில் சிலர் முதியவர்களாகி டார்வினில் வாழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகம் ஞாபகமில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைத் தவிர்த்துவிட்டு இந்த ஊழியத்தைப் பற்றி எழுதுவது எனக்குச் சம்மதம் இல்லை.

அதே சபைக்குள் வேறு மாதிரி நடந்தவர்களும் இருந்தார்கள். ஹெரால்டு ஷெப்பர்ட்சன் என்பவரைச் சொல்கிறேன். 1903இல் பிறந்தவர். 1920களின் கடைசியில் ஆர்னம் லேண்டின் மிலிங்கிம்பி தீவுக்கு மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகப் போனார். அங்கே இருந்துகொண்டு, பாகங்களாக வந்த ஒரு சின்ன விமானத்தைத் தானே பூட்டி எழுப்பினார். மெக்கானிக் என்ற முறையில் அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை வணங்குவேன். உப்புக் காற்று, ஈரம், கரையான், உதிரிபாகம் வர மாதக்கணக்கு, இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் இறக்கைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்! 1942இல் எல்கோ தீவுக்கு மாறினார். இன்று கலிவின்கு என்ற ஊர் இருக்கும் இடம் அது. பிற்பாடு குருப்பட்டமும் பெற்றார்.

அவர் விமானத்தை எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில். மக்களை எல்லாம் மிஷனுக்கு வரவழைத்து ஒரே இடத்தில் குடிவைப்பதுதான் அன்றைய வழக்கம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களில் பல குடும்பங்கள் தங்கள் மூதாதையர் மண்ணை விட்டு வர விரும்பவில்லை. ஷெப்பர்ட்சன் அவர்கள் இருக்கும் இடத்துக்கே பறந்துபோய் மாவு, சர்க்கரை, மருந்து, துணி கொடுத்துவிட்டு வந்தார். அவர்களே புதரை வெட்டி ஓடுபாதை போட்டார்கள். மண்ணோடு இருந்துகொண்டே வெளியுலகத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ள அந்த விமானம் உதவியது. அந்தச் சிறு குடியிருப்புகளில் சில இன்றும் இருக்கின்றன. தந்தை முறை வைத்துத்தான் அவரை அழைத்தார்கள்.

1963இல் நடந்த இன்னொன்று. அதே ஆர்னம் லேண்டின் யிர்க்கலாவில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுச் சுரங்கத்துக்காக யோல்ங்கு நிலத்தின் ஒரு பகுதியை அரசாங்கம் அவர்களைக் கேட்காமலே பிரித்து எடுத்தது. அவர்கள் மரப்பட்டையில் தங்கள் குல ஓவியங்களை வரைந்து, நடுவில் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவை ஒட்டி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷன் பொறுப்பில் இருந்த எட்கர் வெல்ஸ் அவர்கள் பக்கம் நின்றார். சபைத் தலைமை சுரங்கத்துக்கு ஏற்கெனவே இசைந்திருந்தது. வெல்ஸை அங்கிருந்து அகற்றினார்கள். நான் புகழ்வது இவர்களை. மிஷன் என்ற அமைப்பை முழுதாகப் புகழச் சொன்னால் என்னால் முடியாது.

இப்போது அந்த ஊர்களில் குருமார் யோல்ங்கு மக்களிலிருந்தே வருகிறார்கள். அவர்களில் ஒருவரான ஜினியினி கொண்டாரா, மெதடிஸ்டுகளும் சேர்ந்து உருவான யூனிடிங் சபையின் வடக்கு சினட் என்ற மண்டலப் பேரவைக்கு மாடரேட்டராகவே, அதாவது தலைவராகவே இருந்தார். வெளியிலிருந்து பறந்து வருபவர் அவர்களுடைய அழைப்பின் பேரில் வருகிறார். ஆர்னம் லேண்டுக்குள் போக அனுமதிச் சீட்டும் வேண்டும், ஏனென்றால் 1976ஆம் வருட நில உரிமைச் சட்டப்படி அது அவர்கள் நிலம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வாசகர், யாழ்ப்பாணம்: உங்கள் வடக்கு வெப்பமான வடக்கு. பனிபடர்ந்த வட துருவப் பக்கம் இப்படி யாரும் பறந்தார்களா?

பறந்தார்கள். அதில் ஒருவர் உங்கள் ஊரோடு ஒரு வகையில் உறவுள்ளவர். 1847இலேயே இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் ஊழியம் செய்த அமலமரித் தியாகிகள் சபையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சபையின் ஜெர்மானியக் குருவானவர் பவுல் ஷூல்ட்டே. முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அவருடைய நண்பர், அதே சபையின் ஓட்டோ ஃபூர்மன், ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவின் வடக்கே இருக்கும் ஓவாம்போ நாட்டில் ஊழியம் செய்தபோது காய்ச்சலில் விழுந்தார். மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க விரைவான வாகனம் இல்லை. 1925இல் இறந்தார். அந்த மரணத்தை ஷூல்ட்டே சும்மா விடவில்லை. 1927இல் கொலோன் நகரில் மீவா என்ற அமைப்பைத் தொடங்கினார். மிஷன்களுக்குக் கார், படகு, விமானம் வாங்கிக் கொடுப்பதே அதன் வேலை.

1936இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் வானத்திலேயே திருப்பலி நிறைவேற்றியவர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1938. கனடாவின் வடகோடியில் ஆர்க்டிக் பே என்ற இடத்தில் ஒரு குருவானவர் கடும் நோயில் கிடந்தார். ஷூல்ட்டே சிறு விமானத்தில் அவ்வளவு தூரம் போய் அவரை ஏற்றிக்கொண்டு, செஸ்டர்ஃபீல்டு இன்லெட் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வரைபடங்கள் ஒழுங்காக இல்லாத பகுதி அது. காந்த துருவம் பக்கத்தில் இருப்பதால் திசைகாட்டியை நம்ப முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு விமானி எஞ்சினைக் கிளப்புவது சாதாரணக் காரியம் அல்ல.

இளைஞர், திருச்சி: மண் ஓடுபாதையில் இறங்குவது எவ்வளவு ஆபத்து அண்ணா? எஞ்சின் நின்றுவிட்டால்?

நீங்கள் என் தொழிலையே கேட்டுவிட்டீர்கள், தம்பி.

எஞ்சின் நிற்பதற்கு முன்னாலேயே கவனிக்க வேண்டியவை ஏராளம். அங்கே பெட்ரோல் பல இடங்களில் டிரம்மில்தான் இருக்கும். மூடி சரியில்லாத டிரம்மில் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். விமானப் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் அடியில் நிறமில்லாமல் நிற்கும். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னாலும், பெட்ரோல் நிரப்பிய பின்னாலும், இறக்கையின் அடியில் உள்ள வால்வை அழுத்தி ஒரு குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்கள் போதகர் ஜெபம் பண்ணாமல் கிளம்பியதை நான் பார்த்ததில்லை. குப்பி பிடிக்காமல் கிளம்பியதையும் பார்த்ததில்லை.

சரளைக்கல் அடுத்த எதிரி. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கினால் புரொப்பெல்லர் கல்லை உறிஞ்சி எடுத்துத் தன் விளிம்பிலேயே அடித்துக்கொள்ளும். அந்தச் சின்ன வெட்டிலிருந்து விரிசல் தொடங்கும். வண்டி மெல்ல உருள ஆரம்பித்த பிறகுதான் வேகம் கொடுக்க வேண்டும். அப்படியும் வெட்டு விழும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவதில் என் காலை நேரங்கள் எத்தனையோ போயிருக்கின்றன. இறங்கும்போது மாடு, நாய், வாலபி என்ற சின்னக் கங்காரு, எதுவும் ஓடுபாதையில் நிற்கலாம். அதனால் முதலில் தாழ்வாக ஒரு முறை பறந்து விரட்டிவிட்டு, சுற்றி வந்து இறங்குவார்கள். மதிய வெயிலில் காற்று லேசாகிவிடும், மேலெழும்ப நீளமான பாதை வேண்டும். அதற்காக எங்கள் போதகர் பையைக்கூடத் தராசில் வைத்துத்தான் ஏற்றுவார். மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் இடிமேகம் கோபுரமாக எழும். விடிகாலையில் கிளம்பிவிட வேண்டும், இல்லையென்றால் தங்கிவிட வேண்டும். தங்கிவிட அவர் ஒருபோதும் தயங்கவில்லை. மழையில் மாட்டிக்கொண்டு நாட்கணக்கில் ஒரே கிராமத்தில் இருந்துவிட்டு வரும்போதுதான் அவர் முகம் மிகவும் தெளிந்திருக்கும்.

இன்னொரு ஏற்பாடு உண்டு, சார்டைம் என்பார்கள். இந்த நேரத்துக்குள் நான் பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று சொல்லாவிட்டால் என்னைத் தேடத் தொடங்குங்கள் என்று ஒரு நேரத்தைப் பதிந்துவிட்டுப் பறப்பது. இறங்கியதும் அதை ரத்துச் செய்ய வேண்டும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மாட்டுப் பண்ணையில் ஒரு பையன் விபத்தில் இறந்து இரண்டு நாள். இறங்கியவுடனே அவன் நண்பன் வந்து போதகரின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டான். அவர் அவனைத் தோளோடு அணைத்தபடியே அலுவலகம் வரை நடத்திக்கொண்டு போனார். ஒரு கையால் தொலைபேசியை எடுத்து, இறங்கிவிட்டோம் என்று பதிந்துவிட்டு, அப்படியே தரையில் அவனோடு உட்கார்ந்தார். அழுகிறவனையும் விடவில்லை, விதியையும் விடவில்லை. நல்ல விமானி எப்படி இருப்பார் என்று என்னிடம் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

போதகரின் மனைவி, நாகர்கோவில்: அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே, நீங்களாவது எழுதுவீர்களா?

எழுத வேண்டும், அம்மா. ஷெப்பர்ட்சனின் மனைவி எல்லா, அவரோடு மிலிங்கிம்பிக்கும் எல்கோவுக்கும் போய் அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார். 1943இல் மிலிங்கிம்பியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அப்படிப்பட்ட கடற்கரை அது. எங்கள் போதகரின் மனைவி டார்வின் வீட்டில் தொலைபேசிப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பார். எந்தப் பண்ணையில் யாருக்குப் பிரசவம், எந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது, எந்தப் பையனுக்கு அம்மாவின் நினைவுநாள் வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். போதகர் ஊரில் இல்லாத இரவுகளில் வரும் அழைப்புகளை எடுத்துப் பேசியது இந்த அம்மாதான். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது, பட்டமும் கிடையாது. ஊழியத்தில் பாதி அந்த நோட்டில்தான் நடந்தது என்று நான் நினைக்கிறேன். அதை சபைகள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாசகர், ஈரோடு: இணையமும் சாட்டிலைட் தொலைபேசியும் வந்துவிட்டன. இனி நேரில் போக வேண்டுமா?

ஆம். திரையில் பேசும்போது பக்கத்து அறையில் மேலாளர் கேட்டுக்கொண்டிருப்பார். வேலி ஓரமாகக் கூட நடந்து வருபவரிடம்தான் அந்தப் பையன் வாயைத் திறப்பான்.

தகப்பனார், தூத்துக்குடி: என் மகன் வணிக விமானி உரிமம் எடுத்திருக்கிறான். இந்த ஊழியத்துக்குப் போக ஆசைப்படுகிறான். என்ன சொல்லலாம்?

ஆசையைத் தடுக்காதீர்கள். போதகராகப் போவதற்கு இறையியல் படிப்பும் சபையின் அழைப்பும் வேண்டும், அது நீண்ட வழி. விமானியாகப் போக மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் போன்ற அமைப்புகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பறந்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. அதன் முதல் விமானி ஒரு பெண், பெட்டி கிரீன், 1946இல் பறந்தார். 1970களிலிருந்து ஆர்னம் லேண்டிலும் அவர்கள் பறக்கிறார்கள். நோயாளி, ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள், மளிகை, சில நேரம் சவப்பெட்டி, எல்லாம் ஏற்றுவார்கள்.

மகனிடம் மூன்று காரியம் சொல்லுங்கள். பிஸ்டன் எஞ்சின் பட்டறை ஒன்றில் ஆறு மாதமாவது கையில் எண்ணெய் படிய வேலை பார்க்கட்டும். குறைந்த வேகத்தில், குறுகிய பாதையில் இறங்கும் பழக்கத்தை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வளர்த்துக்கொள்ளட்டும். அப்புறம், உங்கள் பக்கத்திலேயே தனியாக இருக்கும் முதியவர் யாராவது இருந்தால், வாரம் ஒருமுறை போய் எந்த வேலையும் இல்லாமல் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வரட்டும். அது அவனுக்குப் பிடித்திருந்தால் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று அப்போது பார்க்கலாம்.